அறிவியலுக்கும் ஆன்மிகத்துக்கும் நடுவில் ஒரு பெண்: அந்த இழுபறியைச் சரித்திர நாவலில் எப்படி எழுதுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பூச்சிகளை ஆராயும் ஒரு பெண்ணை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பாதிக் கதையில் அவள் வீட்டை விட்டு ஒரு பக்திச் சபையில் போய்ச் சேர்கிறாள். ஐந்து அத்தியாயம் முடித்துவிட்டீர்கள். ஆனால் அவள் மனப்போராட்டம் வரும் இடமெல்லாம் பட்டிமன்றம் ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் சபை மூப்பர், மறுபக்கம் அவள், நடுவில் பக்கம் பக்கமாக வசனம். இதை எப்படிச் சரிசெய்வது, வரலாற்றில் இப்படி ஒரு பெண் நிஜமாகவே இருந்தாளா என்று கேட்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது: இருந்தாள். முதல் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அந்த இழுபறி எதனால் ஆனது? சரித்திர நாவல் கைப்பிரதிகளைத் திருத்தும் வேலையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கோளாறு இதுதான்: நம் காலத்துச் சண்டையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் வீட்டு முற்றத்தில் இறக்கிவிடுகிறோம். அதை அங்கிருந்து எடுத்துவிட்டால் வசனம் தானாகவே குறையும்.

அறிவியலும் மதமும் ஆதியிலிருந்தே எதிரிகள் என்ற சித்திரம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரையப்பட்டது. 1874ல் ட்ரேப்பர் என்பவரும் 1896ல் ஒயிட் என்பவரும் எழுதிய நூல்கள் அதைப் பரப்பின. இன்றைய அறிவியல் வரலாற்றாளர்கள் பெரும்பாலோர் அதை அப்படியே ஏற்பதில்லை. ‘விஞ்ஞானி’ என்று நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல்லே 1833ல் வில்லியம் ஹியூவெல் உருவாக்கியது. அடுத்த ஆண்டு அவர் அதை அச்சில் பயன்படுத்தியது மேரி சாமர்வில் என்ற பெண் எழுதிய அறிவியல் நூலுக்கான மதிப்புரையில். ஆக உங்கள் நாயகி தன்னை ஒருபோதும் விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருக்க முடியாது. அவளுக்கு அது தேர்வுசெய்யும் கட்சி அல்ல. அவளுக்குத் தெரிந்தது புழு, இலை, தூரிகை, செப்புத்தகடு, வேதாகமம். ‘நான் எந்தப் பக்கம்?’ என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளும் ஒவ்வொரு வரியும் காலப்பிழை. அவற்றை முதலில் அடித்துவிடுங்கள். ஐந்து அத்தியாயத்தில் பத்துப் பதினைந்து வரியாவது போகும்.

இனி அந்தப் பெண். மரியா சிபில்லா மெரியன், 1647 ஏப்ரல் 2ல் ஃப்ராங்ஃபர்ட்டில் பிறந்தவள். அப்பா மத்தேயுஸ் மெரியன் பேர்பெற்ற செதுக்கோவியர், பதிப்பாளர். அவளுக்கு மூன்று வயதாகும்போது இறந்துபோனார். அம்மா மறுமணம் செய்துகொண்ட யாக்கோப் மாரெல் பூக்களை வரையும் ஓவியர். அவரிடம்தான் இவள் தொழில் கற்றாள். பதின்மூன்றாவது வயதில், 1660ல், பட்டுப்புழுவில் ஆரம்பித்ததாக அவளே பிற்பாடு எழுதியிருக்கிறாள். 1665ல் மாரெலின் மாணவன் யோஹான் ஆந்திரேயாஸ் கிராஃபைக் கல்யாணம் செய்தாள்; இரண்டு பெண் குழந்தைகள், யோஹானா ஹெலேனா, டோரோத்தியா மரியா. நியூரம்பர்க்கில் குடியிருந்தபோது 1679ல் கம்பளிப்புழுக்களின் உருமாற்றத்தைப் பற்றிய முதல் தொகுதியை வெளியிட்டாள், 1683ல் இரண்டாவது, ஒவ்வொன்றிலும் ஐம்பது படம். முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு விரிந்த பூச்சி, அது தின்னும் செடி, ஐந்தையும் ஒரே படத்தில் வைத்தாள். செடியோடு சேர்த்துப் பூச்சியைக் காட்டுவது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அப்போது அப்படி இல்லை. 1685ஐ ஒட்டிக் கணவனை விட்டு, அம்மாவையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் வீவெர்ட் என்ற ஊரில் இருந்த லாபாடியர் சபைக்குப் போனாள். ழான் டி லாபாடி ஒரு காலத்தில் இயேசு சபைத் துறவி. பிறகு புராட்டஸ்டண்டாக மாறி, அதிலும் திருப்தியில்லாமல் தனிக் கூட்டம் சேர்த்தவர், 1674ல் இறந்தார். அவர் வழிவந்தவர்கள் வீவெர்ட்டின் வால்தா மாளிகையில் சொத்தைப் பொதுவில் வைத்து, நகை நட்டு இல்லாமல், உலகத்தை ஒதுக்கி வாழ்ந்தார்கள். கிராஃப் வீவெர்ட்டுக்கே வந்து கெஞ்சினான், அவள் போகவில்லை. 1691ல் சபையை விட்டு ஆம்ஸ்டர்டாமில் குடியேறினாள். 1699ல், 52 வயதில், இளைய மகளோடு கப்பலேறி தென்னமெரிக்காவின் சுரினாமுக்குப் போனாள். 1701ல் நோயோடு திரும்பி, 1705ல் சுரினாம் பூச்சிகளைப் பற்றி அறுபது படங்கள் கொண்ட நூலை வெளியிட்டாள். 1717 ஜனவரி 13ல் காலமானாள்.

இவ்வளவும் ஆவணத்தில் நிற்பவை. ஆவணத்தில் இல்லாதது எது என்பதுதான் நாவலாசிரியருக்கு முக்கியம். கணவனை ஏன் விட்டாள் என்று இன்று கிடைக்கும் அவள் எழுத்தில் இல்லை. சபையில் ஏன் சேர்ந்தாள், ஏன் விட்டாள் என்பதும் இல்லை. சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அறிவியல் அகாதெமி நூலகத்தில் இருக்கும் அவளுடைய ஆய்வேடு மனக்குறிப்பு எழுதும் நாட்குறிப்பு அல்ல. தோல்தாளில் வரைந்த சின்னச் சின்னப் படங்களும், எந்தப் புழு எதைத் தின்றது, எந்த நாளில் கூடு கட்டியது என்ற குறிப்புகளும்தான். சபை வாழ்க்கை அவளுக்குக் கசந்ததா, அம்மா 1690ல் இறந்தபின் அங்கே இருக்கக் காரணம் இல்லாமல் போனதா, சபையே அப்போது கலைய ஆரம்பித்துவிட்டதா, ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள், அவ்வளவே. அந்த இடம் உங்களுடையது. அங்கே தாராளமாகப் புனையுங்கள். ஆனால் சான்று இருக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள். சான்று இல்லாத இடத்தில் ‘இதுதான் நடந்தது’ என்று பின்னுரையில் எழுதவும் செய்யாதீர்கள்.

ஒரு தடயம் மட்டும் அவள் நூல்களிலேயே இருக்கிறது, உங்கள் நாவலின் முதுகெலும்பாகவே அது ஆகலாம். 1679 முன்னுரையில் இந்த வேலையில் தன் பெருமையைத் தேட வேண்டாம், இத்தனை சிறிய புழுவையும் படைத்த கடவுளின் மகிமையையே தேடுங்கள் என்கிற பொருளில் எழுதுகிறாள். 1705 நூலில் அந்தத் துதிக்குரல் வெகுவாக அடங்கிவிட்டது. கண்டதைச் சொல்கிறாள், அடுத்த படத்துக்குப் போகிறாள். இரண்டுக்கும் நடுவில் வீவெர்ட்டின் ஐந்தாறு ஆண்டுகள் இருக்கின்றன. நம்பிக்கை போய்விட்டதா? அப்படி முடிவுகட்டுவது அவசரம். சந்தா கட்டி வாங்கும் பல நாட்டு வாசகர்களுக்காக எழுதியதால் தொனி மாறியிருக்கலாம். சபையில் வாயால் துதித்துத் துதித்துக் களைத்துப்போய், பக்தி பேச்சிலிருந்து இறங்கிக் கைக்கு வந்திருக்கலாம். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் நாவல் நிற்கும். எனக்கு மூன்றாவதுதான் வலுவாகப் படுகிறது; மற்ற இரண்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடியவை, இதை மட்டும் முந்நூறு பக்கம் போட்டுத்தான் காட்ட முடியும்.

அவளைக் கடவுளோடு மோதவிட வேண்டும் என்றால் அதற்கான பொருள் அவள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. புழுவை இலை போட்டு வளர்க்கிறாள். அது கூடு கட்டுகிறது. நாள் எண்ணிக் காத்திருக்கிறாள். கடைசியில் பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சின்ன ஈக்கள் கூட்டமாக வெளியே வருகின்றன. ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும் புழுவின் மேலோ உள்ளேயோ முட்டையிட, குஞ்சுகள் அதை உள்ளிருந்தே தின்று வளர்கின்றன என்பது நமக்குத் தெரியும். அவள் இதைப் பார்த்தாள், வரைந்தாள், குறித்தாள். முழு விளக்கம் அப்போது யாரிடமும் இல்லை. 1668ல் ஃப்ளாரன்சில் ஃபிரான்செஸ்கோ ரெடி, துணி மூடிய ஜாடியில் இறைச்சி புழுக்காது என்று காட்டியிருந்தார். அதே ரெடி, செடிகளின் மேல் முண்டு முண்டாக வரும் கொப்புளங்களில் இருக்கும் பூச்சிகளைச் செடியே பிறப்பிக்கிறது என்றும் நம்பினார். ஒட்டுண்ணி விஷயம் தெளிவானது 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில், லேவன்ஹுக், வல்லிஸ்னேரி போன்ற ஆய்வாளர்கள் கையில். இங்கேதான் நாவலாசிரியர்கள் வழுக்கி விழுகிறார்கள். 1860ல் டார்வின், தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், கருணையுள்ள கடவுள் உயிருள்ள புழுவின் உடலைத் தின்னும்படி இந்தக் குளவிகளைத் தெரிந்தே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். அந்த எண்ணத்தைத் தூக்கி 1679ல் நியூரம்பர்க்கில் இருக்கும் பெண்ணின் தலையில் வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். அவளுக்குக் குளவியின் கொடுமையைவிடக் கணக்கு தப்பியதுதான் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும். உருமாற்றம் அவள் காலத்துப் பக்தர்களுக்கு உயிர்த்தெழுதலின் அடையாளம்: புழு இந்த உடல், கூடு கல்லறை, சிறகு ஆத்துமா. கல்லறையைத் திறந்தால் வேறு யாரோ எழுந்து வருகிறார்கள். இந்த ஒரு படிமம் அவளுக்குள் என்ன செய்யும் என்று யோசியுங்கள். அதை அவள் வாயால் யாரிடமும் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

இனிப் பட்டிமன்றத்தைக் கலைக்கும் வேலை. என் அனுபவத்தில் பலிக்கும் வழி ஒன்றுதான்: வாதத்தை நேரமாக மாற்றுங்கள். புழு ஒரு கடிகாரம், சபை இன்னொரு கடிகாரம், அவளுக்கு உடம்பு ஒன்று. பட்டுப்புழு முட்டையிலிருந்து வெளிவந்து நான்கு முறை தோலுரித்துக் கூடு கட்டுவதற்கு இருபத்தைந்து முதல் முப்பது நாள் ஆகும், குளிர்ந்தால் நீளும். கூடு பின்ன மூன்று நாள் போல். அந்துப்பூச்சி வெளிவர மேலும் இரண்டு மூன்று வாரம். புழு இருக்கும் நாளெல்லாம் இலை புதிதாக இருக்க வேண்டும். ஈர இலை போட்டால் பேதி கண்டு சாகும், வாடிய இலையைத் தொடாது. ஒரே செடியை மட்டும் தின்னும் இனம் என்றால் அந்தச் செடி சபை வேலிக்கு வெளியே முளைத்திருக்கலாம். வெளியே போக அனுமதி வேண்டும். செத்த புழு நிறம் மங்கிச் சுருங்கிவிடும், ஆகவே உயிரோடு இருக்கும்போதே வரைந்தாக வேண்டும். கூட்டிலிருந்து வந்த பூச்சியின் சிறகு பத்திருபது நிமிடத்தில் விரிந்துவிடும். அந்த நேரத்தில் அங்கே இல்லையென்றால் விரிவதை இனி அடுத்த முறைதான் பார்க்கலாம். வடஐரோப்பாவில் பல அந்து இனங்களுக்கு வருஷத்துக்கு ஒரே தலைமுறை; அப்படியானால் அடுத்த முறை என்பது அடுத்த வருஷம். வீவெர்ட் இருக்கும் இடத்தில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஏழரை மணி நேரம்தான். மெழுகுவர்த்தியில் பச்சையும் நீலமும் பிடிபடாது. அந்த ஏழரை மணியிலிருந்து ஜெபத்துக்கும் பொதுச் சமையலுக்கும் துணி வேலைக்கும் கழித்தது போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு மாதிரிக்கு, இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம். முதலாவது வழக்கமானது. “கடவுளின் படைப்பைத் துருவிப் பார்ப்பது அகந்தை இல்லையா, சகோதரி?” என்றார் மூப்பர். “உண்மையைத் தேடுவதும் ஆராதனைதான்” என்றாள் அவள். படிப்பவருக்கு இரண்டு பேரும் என்ன சொல்வார்கள் என்று முன்னாலேயே தெரியும். யாருக்கும் எதுவும் போகவில்லை. இரண்டாவது இப்படி:

கூடு காலையிலிருந்து அசைந்துகொண்டிருந்தது. பதினேழாம் நாள். ஓடு வெடித்து ஈரத் தலை வெளியே வந்தபோது ஜெபமணி அடித்தது. தூரிகை நனைந்து தயாராக இருந்தது. சிறகு இன்னும் கசங்கிய துணிபோல முதுகோடு ஒட்டியிருந்தது. மகளிடம் ‘நீ இங்கே இரு’ என்று சொல்ல வாயெடுத்தவள் ‘வா, போகலாம்’ என்றாள். திரும்பி வந்தபோது பூச்சி பெட்டி மூடியின் உட்புறம் தலைகீழாக உட்கார்ந்திருந்தது, சிறகு முழுதாக விரிந்து, உலர்ந்து. அழகாக இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குறிப்பேட்டில் தேதியை எழுதி, கீழே பக்கத்தைக் காலியாக விட்டாள்.

மூப்பர் இல்லை, வாதம் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு வருஷம் போயிற்று, அதைக் கொடுத்தவளும் அவளே. காலியான பக்கம் பிற்பாடு மகள் கண்ணில் படலாம். இந்தக் காட்சி நான் புனைந்தது. வீவெர்ட்டில் மணி அடித்ததா என்பதற்கு நான் பொறுப்பேற்கவில்லை, உங்கள் நாவலில் அதைச் சரிபார்த்து வையுங்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஜெபம் அவளுக்குத் தொல்லை என்று எங்கும் வரவில்லை. அவள் போக விரும்பித்தான் போகிறாள். ஒரு பக்கத்தை மட்டமாக்கினால் இழுபறி செத்துவிடும். இரண்டு கடிகாரமும் அவளுக்கு இனிக்க வேண்டும். சபை அவளுக்கு என்ன கொடுத்தது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கணவனிடமிருந்து காப்பு, மகள்களுக்குப் படிப்பு, லத்தீன் தெரிந்த துணை, மனசுக்கு ஓய்வு. அங்கேயும் அவள் கை சும்மா இருக்கவில்லை. பழைய குறிப்புகளை ஒழுங்குபடுத்தினாள், தவளையை அறுத்துப் பார்த்து எழுதினாள். ஆகவே ‘சபை ஆராய்ச்சியைத் தடைசெய்தது’ என்று எழுதினால் அது பிழை.

வீவெர்ட்டில் உங்களுக்கு இன்னொரு பாத்திரமும் காத்திருக்கிறது. அன்னா மரியா வான் ஷூர்மன், 1607ல் பிறந்தவள், பல மொழிகளில் புலமை பெற்றவள். 1636ல் உத்ரெஹ்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கண்ணில் படாமல் மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டவள். பெண்கள் கல்விக்காக வாதாடி ஐரோப்பா முழுதும் பேர் வாங்கியவள். 1669ல் லாபாடியோடு சேர்ந்து, தன் பழைய புகழையும் புலமையையும் வீண் என்று எழுதிவைத்துவிட்டு, 1678ல் வீவெர்ட்டிலேயே இறந்தாள். மெரியன் போய்ச் சேர்ந்தது அதற்கு ஏழெட்டு ஆண்டு கழித்து. இருவரும் அங்கே சந்தித்ததாக எழுதினால் தவறு. செத்தவளின் பேரை அங்கே எல்லாரும் உச்சரித்துக்கொண்டிருப்பார்கள், அது போதும். துறந்தவள் ஒருத்தி மண்ணுக்குள், துறக்காதவள் ஒருத்தி மண்ணுக்கு மேல். பூச்சித் துறையிலேயே ஆண் உதாரணமும் உண்டு: ஆம்ஸ்டர்டாமின் யான் ஸ்வாமர்டாம், 1675ல் ஆந்த்வானெத் பூரின்யோன் என்ற ஞானப்பெண்ணின் பின்னால் ஷ்லெஸ்விக் வரை போய், அடுத்த ஆண்டே திரும்பி மறுபடியும் கத்தியும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக உட்கார்ந்தவர். அறிஞர்கள் பக்திக் குழுக்களில் சேர்வது அப்போது அதிசயம் இல்லை என்று காட்ட அவர் உதவுவார்.

உங்கள் கதை எதிர்த் திசையில் போகவேண்டும், அறிவியலை விட்டுவிட்டுப் பக்திக்குப் போகும் பெண் வேண்டும் என்றால் மெரியனை விட்டு மிலானுக்குப் போங்கள். மரியா கயெத்தானா ஆன்யேசி, 1718ல் பிறந்தவள். 1748ல் வகையீடு, தொகையீடு எல்லாம் சேர்த்து இத்தாலிய மொழியில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் இரண்டு தொகுதிக் கணித நூல் எழுதினாள். 1750ல் போப் பதினான்காம் பெனடிக்ட், போலோன்யா பல்கலைக்கழகத்தில் இடம் அளித்தார்; அவள் அங்கே பாடம் நடத்தப் போகவே இல்லை. 1752ல் அப்பா இறந்தார். அதன்பின் கணிதம் மெல்ல நின்றது. ஏழைகள், நோயாளிகள், முதிய பெண்கள் என்று வாழ்க்கை திரும்பியது. 1771ல் திறந்த ட்ரிவுல்சியோ இல்லத்தில் பெண்கள் பகுதியைக் கவனித்துக்கொண்டாள். 1799 ஜனவரி 9ல் இறந்தாள். இதைத் ‘திடீர்த் துறவு’ என்று எழுதுவது பொதுவான தவறு. கன்னியர் மடத்துக்குப் போகும் ஆசை அவளுக்கு இருபது, இருபத்தொரு வயதிலேயே வந்தது, அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, எளிய உடை, நினைத்தபோது கோயிலுக்குப் போகும் உரிமை, நடன விருந்துகளிலிருந்து விடுதலை, இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே தங்கினாள். அந்தப் பேரத்துக்கு அப்புறம்தான் பெரிய நூலே வருகிறது. கவனம் என்பது ஆத்துமாவின் இயல்பான செபம் என்று பிரெஞ்சுத் தத்துவஞானி மால்பிராஞ்ச் சொல்லியிருந்த காலம் அது. அவள் கணிதத்தைச் செபமாகவே செய்திருக்கலாம். அப்படியானால் கணிதத்தை விட்டது ஒரு செபத்திலிருந்து இன்னொரு செபத்துக்கு மாறியதுதான். தூக்கத்தில் எழுந்து கணக்குப் போட்டாள் என்ற கதையை மட்டும் தொடாதீர்கள், அது கதைதான்.

பண்டைய அலெக்சாந்திரியாவின் கணித அறிஞர் ஹைபேஷியாவைப் பற்றிச் சிலர் யோசனை சொல்வார்கள். 415ல் அலெக்சாந்திரியாவில் கும்பல் கையில் இறந்தது உண்மை. ஆனால் அவள் நவபிளேட்டோனியவாதி, அதாவது பிளேட்டோவின் வழிவந்த பிற்காலத் தத்துவக்காரி, கணிதமே அவளுக்கு ஆன்மசாதனை. கொலை ஆளுநர் ஒரெஸ்டெஸ், பிஷப் சிரில் இடையேயான அதிகாரச் சண்டையில் நடந்தது. அவளோடு சேர்ந்து மாபெரும் நூலகமும் எரிந்தது என்பது பிற்காலக் கட்டுக்கதை. உங்கள் கேள்விக்கு அவள் பொருந்தமாட்டாள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு, உங்கள் கைப்பிரதியிலும் அது நிச்சயம் இருக்கும். ‘ஆன்மிகம்’ என்று எழுதியதுமே நம் பேனா தியானம், ஞானம், முக்தி, துறவறம் என்று ஓட ஆரம்பிக்கும். மெரியன் புராட்டஸ்டண்ட் பெண். அவளுக்கு வேண்டியது தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வழக்கு: கர்த்தர், ஜெபம், இரட்சிப்பு, மனந்திரும்புதல், சபை, மூப்பர், உலகத்தை விட்டுப் பிரிதல். ஆன்யேசி கத்தோலிக்கப் பெண். அவளுக்குச் செபம், பூசை, பாவசங்கீர்த்தனம், கன்னியர் மடம், நவநாள். ‘ஜெ’யும் ‘செ’யும் மாறினால்கூடக் கிறிஸ்தவ வாசகர் காதில் உறுத்தும். அறிவியல் பக்கமும் இதே கதைதான். உயிரியல், பரிணாமம், சுற்றுச்சூழல் போன்ற சொற்களைக் கதைசொல்லியும் பேசக்கூடாது. அவள் கண்ணால் பார்த்த செயலைச் சொல்லுங்கள். ‘உருமாற்றத்தை ஆய்வுசெய்தாள்’ என்பதைவிட ‘பெட்டியைத் திறந்து பார்த்தாள், இன்னும் தோல் உரிக்கவில்லை’ என்பது நூறு மடங்கு மேல். தொழில் வேலையையும் கையளவில் எழுதுங்கள்: கன்றுத்தோல் தாளில் வெள்ளைப் பூச்சு, அரைத்த நிறத்தில் வேலம்பிசின் நீர், செப்புத்தகட்டில் கோடு, அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி வரும், ஈரம் காயாத அச்சின் மேல் இன்னொரு ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுத்தால் திரும்பவும் நேராக, கோடு மென்மையாக வரும், அதன்மேல் நிறம் தீட்டினால் கையால் வரைந்ததுபோலவே இருக்கும். மெரியன் அப்படியும் படங்கள் தயாரித்தாள்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஃப்ராங்ஃபர்ட், நியூரம்பர்க் இரண்டும் புராட்டஸ்டண்ட் நகரங்கள், 1700 வரை பழைய (ஜூலியன்) நாட்காட்டி. ஃப்ரீஸ்லாந்தும் 1700 முடியும் வரை பழையதுதான். ஆனால் ஆம்ஸ்டர்டாம் இருக்கும் ஹாலந்து மாகாணம் 1583லேயே, பத்து நாள் முன்னால் ஓடும் புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிக்குப் போய்விட்டது. ஆக 1691ல் அவள் சபையை விட்டு ஆம்ஸ்டர்டாமில் இறங்கியபோது ஒரு சின்னக் கடல்பயணத்தில் பத்து நாள் காணாமல் போயிருக்கும். புழு நாள் எண்ணுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அவளுடைய பழைய குறிப்பில் மே 10 என்று இருப்பது இனி மே 20. நீங்கள் எழுதும் காலவரிசையில் இரண்டு பத்தி போட்டு இரண்டு தேதியையும் எழுதி வையுங்கள். மூன்றாவது பத்தியில் அந்த வாரம் எந்தப் புழு எந்த நிலையில் இருக்கிறது, நான்காவதில் சபையும் வீடும் அவளிடம் என்ன கேட்கின்றன, ஐந்தாவதில் கையில் இருக்கும் காசு. ஒரு வாரத்தில் மூன்றாவதும் நான்காவதும் முட்டிக்கொண்டால் அங்கே காட்சி இருக்கிறது. முட்டவில்லையென்றால் அந்த வாரத்தை ஒரு வரியில் தாண்டிவிடுங்கள்.

காசைச் சொன்னது காரணமாகத்தான். இரண்டு சக்தி மட்டும் இழுத்தால் நாவல் ஊஞ்சல் ஆடும். மூன்றாவது ஒன்று குறுக்கே வர வேண்டும். மெரியன் சுரினாம் போனது பெரும்பாலும் சொந்தச் செலவில்; தன் ஓவியங்களை விற்று, உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். போன இடத்தில் கரும்புத் தோட்ட முதலாளிகள், சர்க்கரையை விட்டு வேறெதையோ தேடுகிறாளே என்று அவளைக் கேலிசெய்ததை அவளே எழுதியிருக்கிறாள். அங்கே லாபாடியர்கள் தொடங்கிய தோட்டத்துக்கும் போனாள். வீவெர்ட்டில் அவர்கள் தங்கிய மாளிகைக்குச் சொந்தக்காரர் சோமல்ஸ்டைக்தான் சுரினாமின் முன்னாள் ஆளுநர், 1688ல் கலகம் செய்த சிப்பாய்களால் கொல்லப்பட்டவர். உலகத்தை வெறுத்த சபையின் கூரை எந்தப் பணத்தில் நின்றது என்று அங்கேதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். அவள் நூலின் 45ஆம் படம் மயில்கொன்றைச் செடி. அதன் விதையை அடிமைப் பெண்கள் கருக்கலைப்புக்குச் சாப்பிடுகிறார்கள், பிள்ளைகள் தங்களைப்போல அடிமையாகக் கூடாது என்பதற்காக. செத்தபின் தங்கள் சொந்த நாட்டில் சுதந்திரமாகத் திரும்பப் பிறப்போம் என்று அவர்கள் நம்புகிறார்கள், இதை அவர்களே தன்னிடம் சொன்னார்கள் என்று அவள் எழுதிவைத்திருக்கிறாள். அந்த நம்பிக்கையை மறுத்து ஒரு வரியும் சேர்க்கவில்லை. அவளும் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்தியவள்தான், அதை மறைக்காதீர்கள். உங்கள் நாவலில் ஆன்மிகம் என்பது வீவெர்ட் சபையோடு முடிந்துவிடாமல் இந்தப் பெண்களின் வாயிலும் வர வேண்டும். இத்தனை வருஷம் உருமாற்றத்தையும் மறுபிறப்பையும் படமாக வரைந்தவள் முன்னால் நின்று, அதே சொல்லைத் தங்கள் உயிரை வைத்துச் சொல்கிறவர்கள் அவர்கள். அந்தக் காட்சியில் அவளைப் பேசவிடாதீர்கள். பூவை வரையட்டும்.

இனி அளவு. முந்நூறு பக்க நாவலில் நேருக்கு நேர் மத விவாதம் நடக்கும் காட்சி ஒன்று போதும், அதுவும் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், அதில் அவள் தோற்கும்படி. இது விதி இல்லை, என் கணிப்பு. இப்போது உள்ள ஐந்து அத்தியாயத்தில் வாதக் காட்சிகளை எல்லாம் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ‘இங்கே யாருக்கு என்ன போயிற்று?’ என்று எழுதுங்கள். பதில் வராத காட்சியை நீக்குங்கள். பதில் வருகிற காட்சியில் வசனத்தை அடித்துவிட்டு, போன பொருளை மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள். முதலில் வீவெர்ட்டில் ஒரே ஒரு ஜூலை வாரத்தை எழுதுங்கள், திங்கள் முதல் சனி வரை, ஒரு கூடு, ஒரு ஜெபமணி, ஒரு மகள். மற்ற அத்தியாயங்களின் தொனி அதிலிருந்து பிடிபட்டுவிடும்.